முழுதாகத் திறந்த லென்ஸை நம்பலாம்

கொல்கத்தாவில் கேமரா வாங்க நினைப்பவர்களுக்கு எஸ்பிளனேடு பக்கம் உள்ள மெட்ரோ கலியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெட்ரோ திரையரங்கை ஒட்டிய அந்தச் சந்தில் எஃப் 1.8, எஃப் 1.4 என்று எண் போட்ட லென்ஸைக் கையில் எடுப்பவர் கேட்பதும், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அதே லென்ஸை விலை கேட்பவர் கேட்பதும் ஒரே கேள்விதான்: முழுசாகத் திறந்தால் ஷார்ப்பாக வருமா? கடைக்காரர் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவார். எழுத்தின் ஓரம் கொஞ்சம் பிசிறினால் வாங்க வந்தவரின் முகம் சுருங்கும். அடுத்த அலமாரியில் இருக்கும் விலை கூடிய லென்ஸின் பக்கம் கண் போகும். இந்தச் சோதனை வாங்குபவரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறது என்பது என் வாதம். அகலத் துளை லென்ஸை மனிதர்கள் வாங்குவது இருட்டுக்காக. இருட்டில் படத்தின் கூர்மையைக் கெடுப்பவை நகரும் உருவமும், நடுங்கும் கையும், இடம் தப்பிய ஃபோகஸும்தான். லென்ஸின் சொந்தக் குறை அந்த வரிசையில் கடைசி ஆள். அந்தக் கடைசி ஆளுக்குப் பயந்து துளையைச் சுருக்குகிறவர் முதல் இருவருக்கும் கதவைத் திறந்துவிடுகிறார்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 8 என்றால் துளை 6 மில்லிமீட்டர் சொச்சம்; எஃப் 1.4 என்றால் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர். துளை பெரிதாகும்போது கண்ணாடியின் ஓரப்பகுதி வழியாகவும் ஒளி நுழைகிறது. கோள வடிவில் தீட்டிய கண்ணாடியில் ஓரத்தில் நுழையும் கதிரும் நடுவில் நுழையும் கதிரும் ஒரே இடத்தில் குவிவதில்லை. இந்தக் கோளப் பிறழ்ச்சி துளை இரு மடங்கானால் எட்டு மடங்காகப் பெருகும். படத்தின் மூலைகளில் ஒளிப்புள்ளிக்கு வால் முளைப்பது இன்னொரு பிறழ்ச்சி. அதற்குக் கோமா என்று பெயர். எனவே முழுதாகத் திறந்தால் படம் மென்மையாகும் என்ற அச்சம் பொய்யில்லை. ஆனால் துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் கூர்மை ஏறிக்கொண்டே போகும் என்பதும் சரியில்லை. குறுகிய துளையில் ஒளி தானே விரிந்து பரவுகிறது. எஃப் 16-ல் ஒரு புள்ளி இந்த விரிவால் மட்டுமே 21 மைக்ரான் அகலத்துக்குப் பரவும், எஃப் 1.4-ல் 2 மைக்ரான்கூட வராது. பிறழ்ச்சிகளை மட்டும் அடக்கிவிட்டால் அகலத் துளைதான் கூர்மையானது என்பது இயற்பியல் சொல்லும் செய்தி. 180 ஆண்டுகளாக லென்ஸ் வடிவமைப்பாளர்கள் பட்ட பாடெல்லாம் அந்த அடக்கத்துக்காகத்தான்.

180 ஆண்டுகள் என்று சும்மா சொல்லவில்லை. 1840-ல் ஜோசஃப் பெட்ஸ்வால் வியன்னாவில் கணக்குப் போட்டு வடித்த உருவப்பட லென்ஸ் எஃப் 3.6 அளவுக்குத் திறந்தது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த லென்ஸ்கள் எஃப் 15 அருகில் நின்றவை; வெளிச்சத்தில் 17 மடங்கு வித்தியாசம். பெட்ஸ்வாலின் லென்ஸ் நடுவில் நல்ல கூர்மை தந்தது, ஓரத்தில் குழைந்து சுழன்றது. இருந்தும் உலகமெங்கும் உருவப்பட ஸ்டுடியோக்கள் அதையே தழுவிக்கொண்டன. காரணம் எளியது: மனிதர் அசையாமல் உட்கார வேண்டிய நேரம் நிமிடங்களிலிருந்து விநாடிகளுக்கு இறங்கியது. கூர்மை குறைந்த லென்ஸ் கூர்மை கூடிய முகத்தைத் தந்தது. கொல்கத்தா இந்தக் கலையைத் தாமதமின்றி வரவேற்ற நகரம். 1856-லேயே இங்கே வங்கப் புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. 1860-களில் தொடங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோ 1991-ல் தீக்கு இரையாகியும் தாக்குப்பிடித்து 2016 வரை நடந்தது. அந்தக் காலத்து உருவப்படங்களில் கண்ணும் மூக்கும் செதுக்கினாற்போல் இருக்க, நாற்காலியின் கைப்பிடியும் திரைச்சீலையும் மங்கிப் போயிருப்பதைப் பார்த்தால், அது ஒரு தொழில் தேர்ந்தெடுத்த விட்டுக்கொடுப்பு என்று புரியும்.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொரு சாட்சியும் கொல்கத்தாவில் இருக்கிறது. பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928-ல் சிதறிய ஒளியை ஆராய்ந்தபோது அவர்களுக்கு இருந்த பெரிய இடைஞ்சல் வெளிச்சப் பஞ்சம்தான். அவர்கள் தேடிய நிறம் மாறிய ஒளி, பாய்ச்சும் ஒளியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கு. ராமன் 18 சென்டிமீட்டர் விட்டமும் 230 சென்டிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட தொலைநோக்கி லென்ஸால் சூரிய ஒளியை வாங்கி, குறுகிய குவியத் தூரமுள்ள இன்னொரு லென்ஸின் வழியே அதைக் கற்றையாக்கித் திரவத்துக்குள் செலுத்தினார். அந்த வேலைக்குச் சூரியனின் துல்லியமான பிம்பம் தேவைப்படவில்லை. அள்ளிக் கொடுக்கும் அளவுக்கு வெளிச்சம் தேவைப்பட்டது. லென்ஸுக்கு இரண்டு கடமைகள் உண்டு: ஒளியைச் சேர்ப்பது, பிம்பத்தைத் தீட்டுவது. ராமனின் சோதனை ஒரு முனை. கட்டடத்தின் முகப்பை முக்காலியில் கேமரா வைத்து நண்பகலில் எடுப்பது எதிர்முனை. இரவில் மனிதர்களைப் படம் எடுப்பது இந்த இரண்டுக்கும் நடுவில், ராமனின் பக்கம் சாய்ந்து நிற்கும் வேலை. கடைகளில் நடக்கும் சோதனையோ எதிர்முனையில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்கிறது.

இதை எண்களில் காட்ட முடியும். துர்க்கா பூஜையின் மாலை ஆரத்திக்குப் பிறகு துனுச்சி நடனம் நடக்கும். தேங்காய் நாரும் சாம்பிராணியும் புகையும் மண் தூபக்காலைக் கையில் ஏந்தி, சிலர் பல்லில் கடித்துக்கொண்டு, டாக் முழவின் தாளத்துக்கு ஆடுவார்கள். பந்தலுக்குள் மிதமான வெளிச்சம். ஐஎஸ்ஓ 1600 வைத்தால், எஃப் 4-ல் விநாடியில் 15-ல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் எஃப் 1.4-க்குப் போனால் எட்டு மடங்கு வெளிச்சம் வருவதால் 125-ல் ஒரு பங்கு போதும். ஆடுபவரின் கை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், முதல் கணக்கில் ஷட்டர் மூடுவதற்குள் அது 6.7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இரண்டாவதில் 8 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தள்ளி நின்று 50 மில்லிமீட்டர் லென்ஸில், 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் எடுத்தால், எஃப் 4 படத்தில் அந்தக் கை கிட்டத்தட்ட 190 பிக்சல் நீளத்துக்கு இழுபடும். எஃப் 1.4 படத்தில் 23 பிக்சல். சுமாரான பழைய எஃப் 1.4 லென்ஸ்கூட முழுதாகத் திறந்த நிலையில், படத்தின் நடுப்பகுதியில், ஒரு புள்ளியை நாலைந்து பிக்சலுக்கு மேல் கலைப்பது அரிது. 190-ஐயும் 23-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, அந்த நாலைந்தைப் பற்றிக் கடையில் நின்று மணிக்கணக்கில் கவலைப்படுவது எதற்கு? ஆடுபவரின் கை இழுபடுவது சில படங்களுக்கு அழகு. அது எடுப்பவரின் விருப்பம். ஆனால் முகமும் சேர்ந்து கரைந்துபோன படத்தை யாரும் விரும்பி எடுப்பதில்லை.

அடுத்தது ஃபோகஸ். லென்ஸ் மங்கல் என்று பழி விழும் படங்களில் பெரும்பாலானவை உண்மையில் ஃபோகஸ் தப்பிய படங்கள் என்பதே என் கணிப்பு. கொல்கத்தாவில் சிலை செய்யும் பகுதியான குமார்துலியில் மகாளய நாளில் துர்க்கைக்குக் கண் திறக்கும் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஹூக்ளி ஆற்று மண்ணில் செய்த முகத்துக்கு முன்னால், சின்ன விளக்கின் ஒளியில், சிற்பி தூரிகை நுனியால் விழியை வரைகிறார். இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து 85 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 1.4 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தம் 4.6 சென்டிமீட்டர்தான். தூரிகை நுனி தெளிவாக இருந்தால், ஒரு கை நீளம் தள்ளியிருக்கும் சிற்பியின் கண் தெளிவாக இருக்க வழியே இல்லை. முன்னும் பின்னும் 2.3 சென்டிமீட்டர்தான் இடம். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவை வெறும் 10 டிகிரி திருப்பிச் சட்டகத்தைச் சரிசெய்தாலே ஃபோகஸ் தளம் 3 சென்டிமீட்டர் விலகிவிடும். பிடித்த கண் போய்க் காது தெளியும். பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் ஃபோகஸ் அளக்கும் உணரி தனியாக இருப்பதால், அதன் சிறிய பிசகும் இந்த 2.3 சென்டிமீட்டரைத் தின்றுவிடும். மிரர்லெஸ் கேமராக்கள் படம் பதியும் உணரியிலேயே ஃபோகஸ் அளந்து, கண்ணைத் தேடிப் பிடிக்கத் தொடங்கிய பிறகு, அதே பழைய லென்ஸ்கள் பலவும் திடீரென்று கூர்மையாகிவிட்டதாகப் பேச்சு எழுந்தது. கண்ணாடியில் எதுவும் மாறவில்லை. குற்றவாளி யார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மறுப்புகள் இருக்கின்றன. இன்றைய உணரிகள் ஐஎஸ்ஓ 12800-லும் படம் தருகின்றனவே, அகலத் துளை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான், எஃப் 4 லென்ஸோடு இரவில் தைரியமாக வெளியே போக முடிவது இந்தத் தலைமுறையின் வசதி. ஆனால் ஐஎஸ்ஓவை ஏற்றுவது இல்லாத வெளிச்சத்தைக் கொண்டுவருவதில்லை. வந்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, கூடவே இரைச்சல் புள்ளிகளையும். எட்டு மடங்கு ஒளி உண்மையாகவே உள்ளே வந்தால் இரைச்சலுக்கு எதிரான தெளிவு 2.8 மடங்கு கூடும். வராதபோது மென்பொருள் புள்ளிகளை வழித்துத் துடைக்கிறது. புடவைச் சரிகையும் கண்ணிமையும் அந்தத் துடைப்பில் சேர்ந்து போய்விடுகின்றன. கைப்பேசியிலேயே எஃப் 1.8 இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசி லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 6, 7 மில்லிமீட்டர்தான், எஃப் 1.8 என்றாலும் துளை 4 மில்லிமீட்டரைத் தாண்டாது. 50 மில்லிமீட்டர் லென்ஸின் எஃப் 1.8 துளை 28 மில்லிமீட்டர். கைப்பேசி பல படங்களை அடுக்கி ஒன்றாக்கி இந்தக் குறையை ஈடுகட்டுகிறது, அசையாத பொருளில் வியக்கத்தக்க அளவுக்கு. அசைந்தாடும் மனிதரிடம் அந்த அடுக்கு தடுமாறுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. அதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். பூஜைத் தெருக்களில் சந்தன்நகர்க் கலைஞர்களின் மின்விளக்கு அலங்காரங்களைப் படம் எடுப்பவருக்கு லென்ஸின் பிறழ்ச்சி கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். கறுப்புப் பின்னணியில் ஆயிரம் ஒளிப்புள்ளிகள், எஃப் 1.4-ல் மூலைக்குப் போகப் போக ஒவ்வொன்றும் சிறகு விரித்த பறவையாக மாறும். அது கோமாவின் கைவேலை. விண்மீன்களைப் பிடிப்பவருக்கும் இதே தொல்லை. நிக்கான் நிறுவனம் 1977-ல் 58 மில்லிமீட்டர் எஃப் 1.2 லென்ஸுக்கு நாக்ட் என்று இரவின் பெயரை வைத்து, முன்கண்ணாடியைக் கோளமல்லாத வடிவில் கையால் தீட்டியது இந்தப் பறவைகளை மறுபடி புள்ளிகளாக்கத்தான். மூலை வரை புள்ளி புள்ளியாகவே இருக்க வேண்டிய தொழிலில் இருப்பவர் நல்ல விலை கொடுக்கட்டும். அவர் வாங்குவது ஆடம்பரம் இல்லை. நாம் பேசுவதோ திருமணம், திருவிழா, மேடை, தெரு என்று மனிதர்களை எடுப்பவர்களைப் பற்றி. அவர்கள் படங்களில் முகம் மூலையில் ஒட்டிக்கொண்டிருப்பது எத்தனை முறை?

புது லென்ஸ்கள் முழுதாகத் திறந்தும் மூலை வரை கூர்மையாக இருக்கின்றனவே, அவற்றையே வாங்கச் சொல்லலாமே என்பார்கள். உண்மை, கோளமல்லாத கண்ணாடிகளும் கணினி வடிவமைப்பும் சாதித்திருப்பது பெரிது. ஆனால் விலையும் எடையும் பார்க்க வேண்டும். கேனன் மிரர்லெஸ் வரிசையில் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸின் எடை 160 கிராம், எஃப் 1.2 லென்ஸின் எடை 950 கிராம். பின்னதற்கு முன்னதைவிடப் பல மடங்கு விலை. கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சம் இரண்டேகால் மடங்கு. பூஜை இரவு முழுக்கக் கழுத்தில் தொங்கப்போகும் ஒரு கிலோ பாரத்தை எதற்காகச் சுமக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாளிதழில் எட்டு அங்குல அகலத்துக்கு ஒரு படம் அச்சாக அங்குலத்துக்கு 200 பிக்சல் வைத்தாலும் 1600 பிக்சல் போதும். கேமரா தருவது 6000. கடைத்திரையில் பெரிதாக்கிக் கண்டுபிடித்த அந்தப் பிசிறு, அச்சுக்கும் கைப்பேசித் திரைக்கும் சுருங்கி வரும்போது மறைந்துபோகிறது. எட்டடிப் பதாகைக்கு எடுப்பவருக்குக்கூட, மக்கள் அதைத் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். இந்த விலைப் பேச்சில் ஒரு வருத்தமும் சேர்ந்தே வருகிறது. 1950-ல் இதே கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் திறந்த மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிலையம், ஆத்மா ராம் தலைமையில், வெகு சில நாடுகளே காத்துவைத்திருந்த ஒளியியல் கண்ணாடித் தொழில்நுட்பத்தைச் சொந்தமாக உருவாக்கிக் காட்டியது. அதே ஜாதவ்பூரில் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அரசு ஆலை கேமராவே செய்தது. அந்தத் தொடர்ச்சி அறுந்ததால்தான் இன்று நல்ல லென்ஸ் என்றாலே இறக்குமதி விலை என்று ஆகிவிட்டது.

இத்தனையும் சொன்ன பிறகு, எப்போதும் முழுதாகத் திறந்தே வையுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு மோகம் பரவியிருக்கிறது: நல்ல வெளிச்சத்திலும் எஃப் 1.4, பின்னணி முழுக்கக் குழம்பு. 2021-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறிய துர்க்கா பூஜைத் திருவிழாவை, எந்த ஊர் என்றே தெரியாதபடி வண்ணக் கறைக்கு முன்னால் ஒரு முகமாக ஆக்கிவிடுகிறார்கள். புகைப்படக்காரர் ரகுபீர் சிங்கின் கொல்கத்தாப் படங்களை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒருவர், நடுவில் ஒரு வண்டி, பின்னால் ஒரு சுவர், மூன்றுமே பேசும். துளையை அகலமாகத் திறப்பது வெளிச்சம் இல்லாத இடத்தின் தேவை. வெளிச்சம் உள்ள இடத்தில் அது பெரும்பாலும் சோம்பல். வெளிச்சத்தை மாற்ற முடிகிற இடத்தில் லென்ஸை விட்டுவிட்டு வெளிச்சத்தையே மாற்றியவரும் இந்த ஊர்க்காரர்தான். சத்யஜித் ரேயின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா 1956-ல் வெளியான அபராஜிதோவுக்காக, கொல்கத்தா ஸ்டுடியோவில் பன்ஸி சந்திரகுப்தா போட்ட காசி வீட்டு முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மேல் பாய்ச்சித் திருப்பி இறக்கினார். நிழல் விழாத, முற்றத்துக்கே உரிய வான் வெளிச்சம் கிடைத்தது. அப்படித் திருப்பிவிடும்போது வெளிச்சத்தில் பெரும்பங்கு வீணாகும் என்பது தெரிந்தே செய்தார். படம் பார்க்கும்போது அந்தக் காசி வீட்டுச் சுவரின் காரை வரை கூர்மையாக இருக்கிறதா என்று எவரும் தேடுவதில்லை. அந்த வெளிச்சத்தை நம்புகிறோம்.

ஆகவே லென்ஸ் வாங்கக் கடைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுவர் நாட்காட்டியை விட்டுவிடுங்கள். கடையிலேயே வெளிச்சம் குறைந்த மூலைக்குப் போய், உடன் வந்தவரைப் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லி, முக்காலி இல்லாமல், முழுதாகத் திறந்து கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பத்துப் படம் எடுங்கள். ஐஎஸ்ஓவை மாற்றாமல் எஃப் 4-க்குச் சுருக்கி இன்னொரு பத்து எடுங்கள். இரண்டையும் கைப்பேசித் திரை அளவில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பத்தில் அதிகமான கண்கள் உயிரோடு இருந்தால், அந்த எஃப் 1.8 லென்ஸை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மிச்சப் பணத்தில் அக்டோபரில் கொல்கத்தாவுக்கு ரயில் ஏறலாம்.